வில்லிங்டன் திரும்பி வந்தபோது நாம் எங்கே நின்றோம்?



இரட்டைமலை சீனிவாசன் நினைவாகப் பேச அழைத்தீர்கள். அவர் காலத்தில் சென்னையை ஆண்ட ஓர் ஆளுநரிலிருந்து தொடங்குகிறேன்.

வில்லிங்டன் பிரபு 1919 முதல் 1924 வரை சென்னை மாகாண ஆளுநர். பிறகு கனடா போனார். 1931 ஏப்ரலில் இந்தியாவுக்கே வைஸ்ராயாகத் திரும்பி வந்தார். உப்புச் சத்தியாகிரகக் கொந்தளிப்பு, காந்தி–இர்வின் ஒப்பந்தத்தால் சற்றே அடங்கியிருந்த நேரம். 1932 ஜனவரி 4இல் காந்தியைக் கைது செய்தார். காங்கிரஸ் அமைப்புகளைத் தடை செய்தார். அவசரச் சட்டங்களால் ஆண்டார். பாடப்புத்தகம் இதை வெள்ளை அரசுக்கும் காங்கிரசுக்கும் நடந்த சண்டையாகச் சொல்கிறது. அந்தக் கதையில் சேரி இல்லை.

ஆனால் சேரி அவரைப் பத்தாண்டு முன்பே பார்த்திருந்தது. 1921இல் சென்னை பின்னி ஆலைகளில் வேலைநிறுத்தம். தொழிலாளர் சங்கத்தை வழிநடத்தியவர்களில் திரு.வி.க.வும் ஒருவர். எம்.சி. ராஜா வேலைநிறுத்தம் வேண்டாம் என்றார். ஆதிதிராவிடத் தொழிலாளர் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. போலீஸ் சுட்டது. உயிர்கள் போயின. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்றது. நமக்குக் 'கருங்காலி' என்ற பெயர் மிஞ்சியது.

அந்தப் பெயரைச் சூட்டியவர்களிடம் ஒன்று கேட்கவேண்டும். கூலி நின்ற மறுவாரமே அடுப்பு அணைகிற வீட்டுக்குச் சங்கம் என்ன ஏற்பாடு செய்தது? ஆலைக்குள் தோழன், தெருவுக்கு வந்தால் தீட்டு என்றால் அது என்ன ஒற்றுமை? அரசு ஆதிதிராவிடருக்கு இடம் கொடுத்ததே கலவரத்துக்குக் காரணம் என்று நீதிக்கட்சித் தலைவர்கள் குறை சொன்னார்கள். 1923இல் ராஜா அந்தக் கட்சியை விட்டு வெளியேறினார். வில்லிங்டன் அரசு நமக்குக் காவல் கொடுத்தது உண்மை. அந்தக் காவலால் ஆலையும் ஓடியது என்பதும் உண்மை.

அதே மனிதர் வைஸ்ராயாக இருந்தபோதுதான் 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் தனித்தொகுதியை அறிவித்தார். அது தானாக வரவில்லை. அம்பேத்கரும் சீனிவாசனும் லண்டன் வட்டமேசை மாநாட்டில் வாதாடிப் பெற்றது. சம்பந்தப்பட்டவர்கள் ஒப்புக்கொண்டால் மாற்றிக்கொள்ளலாம் என்று அந்த அறிவிப்பிலேயே ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். செப்டம்பர் 20இல் எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். நாலே நாளில் பூனா ஒப்பந்தம். அரசு அதை ஏற்றுக்கொண்டு ஒதுங்கிக்கொண்டது. காந்தி உயிருக்கு ஏதாவது ஆகியிருந்தால் அடி யார் முதுகில் விழுந்திருக்கும்? லண்டனிலோ டில்லியிலோ அல்ல, ஒவ்வொரு ஊர்ச் சேரியிலும்தான். சென்னை மாகாணத்தில் 18 இடம் 30 ஆனது. நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்கும் தனி வாக்கு போனது.

வெள்ளைக்காரன் கொடுத்ததை வாங்கியது தவறா? இல்லை. கொடுத்தவன் அதைக் காப்பான் என்று இருப்பதுதான் ஆபத்து. 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை அரசு ஏடுகளில் ஏற்றக் கோரி 1922இல் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவர் ராஜா. பொதுச் சாலையும் கிணறும் எல்லோருக்கும் என்று 1924இல் தீர்மானம் கொண்டுவந்தவர் சீனிவாசன். இரண்டும் நம்மவர் வாயால் கேட்டவை. தீர்மானம் நிறைவேறிய பிறகும் கிணற்றடிக்குப் போய் நின்று உரிமையை எடுக்கவேண்டியவர்கள் நம் சனங்களாகத்தான் இருந்தார்கள். தண்ணீர் அரிதான இந்தக் கரிசல் பூமியில் அதற்கு என்ன விலை என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இப்போது நம் மாவட்டத்தில் இ.குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வருகிறது. 2023இல் ஒப்பந்தம் போட்டார்கள். ஆலை வந்தால் வேலை வரும், சங்கம் வரும், ஒருநாள் வேலைநிறுத்தமும் வரும். அன்றைக்கு நம்மைக் கருங்காலி என்று சொல்ல எவருக்கும் வாய் வரக்கூடாது. நிர்வாகத்தின் காவலில் நாம் ஒளியவும் கூடாது. அதற்குச் சங்கம் தொடங்கும் நாளிலேயே அதன் பொறுப்புகளில் நம் ஆணும் பெண்ணும் உட்காரவேண்டும். வேலைநிறுத்த நிதியில் முதல் படி அரிசி, நிலமில்லாத வீட்டுக்கு என்று எழுதி வாங்கவேண்டும்.

ஆளுநர்கள் போவார்கள், வருவார்கள். நாம் எங்கே நிற்பது என்பதை நாமே முடிவு செய்வோம். ஜெய்பீம்.