பின் ஸஃப்பில் நிற்கும் புதியவர்

(இளைஞர் அணி ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



மதீனத்து அன்சாரிகளின் தியாகத்தை மேடைக்கு மேடை பேசுகிறோம். ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். மக்காவிலிருந்து வெறுங்கையோடு வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களோ பரக்கத்துக்காக துஆச் செய்துவிட்டு, கடைவீதிக்கு மட்டும் வழி கேட்டார்கள். பனூ கைனுகா சந்தை காட்டப்பட்டது. பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தம் காலில் நின்றார்கள். வந்தவர் கேட்டது தர்மம் அல்ல, வழி!

இன்று நம் மஹல்லாவில் அந்த வழியைக் காட்டுபவர் யார்?

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரர் பிழைப்புக்காகக் குடும்பத்தோடு சென்னைக்கு வந்தார். மாற்றுச் சான்றிதழ் வந்து சேரவில்லை என்பதால் அவருடைய மகள் இரண்டு மாதம் வீட்டிலேயே இருந்தாள். ஐந்து வேளையும் நம்மோடு தோள் சேர்த்துத் தொழுதவர் அவர். நாமோ அவர் வீட்டுக் கதவைத் தட்டியது ஒரே ஒருமுறை. அதுவும் சந்தா ரசீதுப் புத்தகத்தோடு! அன்று "பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறாள்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த இரண்டு மாதம் வீணாகியிருக்காது. அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது? எட்டாம் வகுப்பு வரை, மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காட்டி அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்கக் கூடாது. இதை அவருக்குச் சொல்ல ஆள் இல்லை.

இளைஞர்களே! இவற்றை மனனம் செய்யுங்கள். குடும்ப அட்டையில் முகவரி மாற்ற இ-சேவை மையம். குடிபெயர்ந்த வாக்காளருக்குப் படிவம் 8. வழக்கு, வம்பு என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, தொலைபேசி 15100. அங்கே பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு 1098. இவை எவருடைய தயவும் அல்ல, குடிமக்களின் உரிமை.

வியாபாரப் பெருமக்களே! உங்கள் கடைப் பையனும் ஊர் விட்டு வந்தவன்தான். அவனுக்குச் சம்பளத்தோடு இந்த விவரங்களையும் கொடுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளே! வெளியூர்க்காரர் என்று சொல்லி நிக்காஹ் பதிவுக்கும் கபரஸ்தானுக்கும் ஒருவரை அலைய விடாதீர்கள். மையித்தை வைத்துக்கொண்டு அவர் எந்த மஹல்லா என்று விசாரிப்பது நமக்கு அழகா?

புதிதாக வந்த சகோதரரே! வெட்கப்படாமல் கேளுங்கள். கேட்பது யாசகம் அல்ல.

வரும் ஜும்ஆவில் ஸலாம் கொடுத்ததும் செருப்பைத் தேடி ஓடாதீர்கள். பின் ஸஃப்பில் அறியாத முகம் இருந்தால் கையைப் பிடித்து, "எந்த ஊர் பாய்? எங்கே தங்கியிருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். நம் சமுதாயப் பணி அங்கிருந்து தொடங்கட்டும், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.