ஏவலும் இடைவெளியும்

(தமிழ்வழி மாணவர்க்கான கணினிப் பயிற்சித் தொடக்க நாளில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கணினித் திரையில் படங்களெல்லாம் மறைந்து, கருநிறப் பரப்பில் ஒரு சிறு குறி மட்டும் மின்னி மின்னி நிற்கும் இடம் ஒன்று உண்டு. கட்டளைவரி என்பது அதன் பெயர். அங்கே சொடுக்கிக்கு வேலையில்லை. பொறியிடம் எழுத்தால்தான் பேச வேண்டும். அவ்விடத்திற்கு வரும் தமிழ்வழி மாணவன், 'இஃது ஆங்கிலம் அறிந்தார்க்கே உரிய களம்' என்று கருதிக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறான். பக்கத்து இருக்கையில் அமர்ந்துள்ள ஆங்கிலவழி மாணவனோ, எங்கோ கண்ட வரியொன்றைப் பொருளறியாமலே அடித்து, நுழைவு விசையைத் தட்டிவிடுகிறான். முன்னவன் அச்சத்துக்கும் அடிப்படையில்லை. பின்னவன் துணிவுக்கும் அடிப்படையில்லை. அங்கு எழுதப்படுவது ஆங்கிலமன்று, ஏவல். ஏவலைப் பிரித்துப் பொருள்காணத் தெரிந்தவன் எவனோ அவனே அங்கு ஏதமின்றி உலவுவான்.

இக்கட்டளைகள் பிறந்த இடத்தைச் சற்றே நோக்குதல் வேண்டும். 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ செர்சி மாநிலத்தில், பெல் ஆய்வகத்தில், கென் தாம்சனும் தென்னிசு இரிட்சியும் தம் தோழருடன் யூனிக்சு என்னும் இயங்குதளத்தைப் படைக்கத் தொடங்கினர். அவர்கள் முன் இருந்தது ஒளித்திரை அன்று, தொலையச்சுப் பொறி. நொடிக்குப் பத்தெழுத்துக்கு மேல் அடிக்க இயலாத பொறி அது. விசைகளோ விரலை நோகச் செய்யும் அளவுக்கு இறுக்கமானவை. எனவே சொற்களைக் குறுக்கினர். பட்டியலிடு என்பதற்கு 'எல்-எசு'. படியெடு என்பதற்கு 'சி-பி'. இடம்பெயர் என்பதற்கு 'எம்-வி'. நீக்கு என்பதற்கு 'ஆர்-எம்'. ஆங்கிலச் சொற்களினின்று உயிரெழுத்துகளை உதிர்த்துவிட்டு மெய்யெழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டனர். உயிர் நீங்கிய மெய்யை ஆங்கிலம் என்று எவ்வாறு சொல்வது? இலண்டனில் பிறந்த குழந்தையும் இவற்றைப் புதிதாகத்தான் கற்க வேண்டும். இலாலுகுடியில் பிறந்த குழந்தையும் புதிதாகத்தான் கற்க வேண்டும். யூனிக்சை மீண்டும் படைப்பதானால் எதை மாற்றுவீர் என்று பின்னாளில் தாம்சனைக் கேட்டபோது, 'கிரியேட்' என்னும் அமைப்பு அழைப்பின் பெயரிறுதியில் விட்டுப்போன 'இ' எழுத்தைச் சேர்ப்பேன் என்று அவர் விடை கூறியதாகப் பதிவு உண்டு. படைத்தவருக்கே அஃது ஆங்கிலமாகத் தோன்றவில்லை!

ஈரெழுத்துக் கட்டளை தமிழனுக்குப் புதிதா? ஓரெழுத்து ஒருமொழி 42 என்று நன்னூலார் வரையறுத்திருக்கிறார். வா, போ, தா என ஓரெழுத்திலேயே ஏவி முடிக்கும் மொழி இது. மேலும் தமிழில் வினைப்பகுதியே ஏவலாக நிற்கும். நட, படி, எழுது என்பனவற்றுக்கு ஈறு எதுவும் வேண்டா. கட்டளைவரியும் அத்தகையதே. முதலில் நிற்கும் சொல் ஏவல்வினை. சிறுகோட்டை முன்னே தாங்கி வருவன, அவ்வினையை எவ்வாறு செய்ய வேண்டும் எனக் குறிக்கும் அடைகள். எஞ்சி நிற்பவை பெரும்பாலும் செயப்படுபொருள்கள், அஃதாவது கோப்புகளின் பெயர்கள். தமிழில் செயப்படுபொருள் முன்னும் வினை பின்னும் வரும். அங்கே வினை முந்தும். வேறுபாடு அவ்வளவே.

இனி, மாணவர் கருத்தூன்ற வேண்டிய இடம் இடைவெளி. சொல்லையும் சொல்லையும் பிரிப்பது அங்கே வெற்றிடம் ஒன்றே. 'வேங்கை' என்பதைச் சேர்த்துப் படித்தால் மரம், அல்லது விலங்கு. 'வேம் கை' என்று பிரித்தால் வேகின்ற கை. பொதுமொழி என்று இலக்கணம் இதனைக் கற்பிக்கிறது. வகுப்பறையில் தவறாகப் பிரித்தால் ஒரு மதிப்பெண் போகும். கட்டளைவரியில் தவறாகப் பிரித்தால் என்ன போகும்? 2011ஆம் ஆண்டில் இலினக்சு மடிக்கணினிகளுக்காகப் பம்புள்பீ என்னும் மென்பொருள் வெளிவந்தது. அதனை நிறுவும் நிரலில் ஒரு நீக்கற் கட்டளை இருந்தது. 'யூஎசுஆர்' என்னும் அடைவுக்குள், பல படி ஆழத்தில் கிடந்த ஒரு சிறு பகுதியை நீக்குவதே அதன் நோக்கம். ஆனால் 'யூஎசுஆர்' என்பதை அடுத்து ஓர் இடைவெளி தவறுதலாக விழுந்துவிட்டது. பொறி அதனை இரண்டு பெயர்களாகப் படித்தது. முதற்பெயரோ, கணினியின் பெரும்பாலான நிரல்கள் குடியிருக்கும் அடைவின் பெயர். நிறுவிய பயனரின் கணினியில் அவ்வடைவு முழுமையும் அழிந்தது. மிகையாக அடித்தது ஓர் எழுத்துக்கூட அன்று, வெற்றிடம்.

கோப்புக்குத் தமிழில் பெயர் வைப்போரும் இதனை நினைவில் கொள்க. 'அம்மா மடல்' என்று ஒரு கோப்புக்குப் பெயரிட்டுவிட்டு, நீக்கு அம்மா மடல் என்று வெறுமனே ஏவினால், 'அம்மா' என்றொரு கோப்பையும் 'மடல்' என்றொரு கோப்பையும் பொறி தேடும். அப்பெயர்களில் வேறு கோப்புகள் இருந்துவிட்டால் அவை போகும். போக்க எண்ணியது மட்டும் நிற்கும்! பெயரை மேற்கோட்குறிகளுக்குள் இட வேண்டும். அல்லது பெயரிடும்போதே இடைவெளிக்கு மாறாகச் சிறுகோடு இட்டுச் சேர்த்துவிட வேண்டும்.

பொறியின் பணிவே அதன் கொடுமை. வீட்டு வேலைக்காரரிடம் 'எல்லாவற்றையும் எடுத்து எரித்துவிடு' என்றால், 'எல்லாவற்றையுமா, ஐயா?' என்று ஒருமுறை கேட்பார். ஆர்-எம் கேட்காது. செய்து முடித்தபின் 'முடித்தேன்' என்று சொல்லவும் செய்யாது. இவ் வாய்மூடித்தனம் தொலையச்சுக் காலத்தின் எச்சம். பேசினால் தாளும் நேரமும் வீண். படத்திரையில் நீக்கிய கோப்பு குப்பைத் தொட்டியில் காத்திருக்கும். கட்டளைவரியில் நீக்கியதற்கு அத்தகைய தொட்டி இல்லை.

தேர்ந்தோரும் இதற்கு விலக்கல்லர். 1998ஆம் ஆண்டில் பிக்சார் நிறுவனத்தார் 'டாய் சுடோரி 2' என்னும் அசைவுப்படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தனர். ஒருவர் ஓரிடத்தில் நின்று 'எல்லாவற்றையும் நீக்கு' என்னும் பொருள்பட ஏவிவிட்டார். திரைமுன் இருந்தோர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதன்மைப் பாத்திரத்தின் தொப்பி மறைந்தது. பின்னர் உருவங்களே மறைந்தன. பொறியின் மின்னிணைப்பைப் பிடுங்குமாறு தொலைபேசியில் கூவினர். அதற்குள் படத்தின் பெரும்பகுதி போய்விட்டது. காப்புப்படி இருக்கிறதே என்று நாடினால், அது பழுதுற்றுக் கிடந்தது. கேலின் சூசுமன் என்னும் தொழில்நுட்ப இயக்குநர் அண்மையில் மகப்பேறு கண்டவர். வீட்டிலிருந்தே பணியாற்றுவதற்காகத் தம் இல்லக் கணினியில் ஒரு படி வைத்திருந்தார். அக்கணினியைப் போர்வையால் சுற்றி, கைக்குழந்தையைக் கொணர்வதுபோல் வண்டியில் வைத்துக் கொணர்ந்தனர். படம் மீண்டது. மீண்ட அப்படத்தைக் கதை பிடிக்கவில்லை என்று பின்னர் அவர்களே பெரிதும் மாற்றிச் செய்து 1999இல் வெளியிட்டது வேறு கதை.

2017 சனவரி 31 அன்று நிகழ்ந்தது இன்னும் தெளிவான பாடம். கிட்லேப் என்னும் குழுமத்தில் இரவு நெடுநேரம் உழைத்துக் களைத்திருந்த பொறியாளர் ஒருவர், துணை வழங்கியில் உள்ள தரவடைவை நீக்க முற்பட்டார். இரண்டு வழங்கிகளின் பெயர்களுக்கும் ஓர் எண்ணே வேறுபாடு. அவர் நின்றிருந்ததோ முதன்மை வழங்கி. ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 கிகாபைட்டுத் தரவில் 4.5 கிகாபைட்டே எஞ்சியது. ஐந்துவகைக் காப்பு ஏற்பாடுகள் இருந்தும் அவ்வேளையில் எதுவும் உரியவாறு உதவவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன்னர் எடுத்துவைத்த படி ஒன்றே அவர்களைக் காத்தது. இதனை மறைக்காமல் உலகறிய எழுதி வெளியிட்ட அக்குழுமத்தின் நேர்மை பாராட்டத்தக்கது. அதன்பின் அவர்கள் மேற்கொண்ட திருத்தங்களுள் ஒன்று, எந்த வழங்கியில் நிற்கிறோம் என்பதை வரித்தொடக்கத்திலேயே தெளிவாகக் காட்டச் செய்தது.

எனவே தொடக்கநிலை மாணவன் முதலில் கற்க வேண்டுவது செய்யும் ஏவல்களை அல்ல, காணும் ஏவல்களை. 'பி-டபிள்யூ-டி' நிற்கும் இடத்தைச் சொல்லும். 'எல்-எசு' அங்கே இருப்பவற்றைக் காட்டும். இவ்விரண்டையும் எத்தனை முறை அடித்தாலும் எதுவும் கெடாது. உடுக்குறி என்பது 'இங்குள்ள எல்லாம்' என்று பொருள்படும். 'பழைய' என்னும் சொல்லோடு ஒட்டி நின்றால் பழைய என்று தொடங்கும் எல்லாம். இவ்விரண்டுக்கும் இடையே தெரியாமல் ஓர் இடைவெளி புகுந்தால், அடைவில் உள்ள கோப்புகள் அனைத்தும் நீக்கற் பட்டியலில் ஏறிவிடும். ஆகலின், நீக்க வேண்டியவற்றை முதலில் எல்-எசு இட்டுப் பட்டியலாகக் காண்க. பட்டியல் சரியாயின், அதே வரியை மீட்டு வினையை மட்டும் மாற்றுக. 'ஐ' என்னும் அடையைச் சேர்த்தால், ஆர்-எம் ஒவ்வொரு கோப்புக்கும் கேட்டுக் கேட்டு நீக்கும். படியெடுத்தலும் இடம்பெயர்த்தலும்கூட, அதே பெயரில் முன்னரே உள்ள கோப்பின்மேல் ஓசையின்றி எழுதிவிடக் கூடியவை. அவற்றுக்கும் அவ்வடை உண்டு.

கூர்ங்குறி ஒன்று உண்டு. வலப்புறம் நோக்கிய கோணம். ஒரு கட்டளையின் விளைவைக் கோப்பில் கொட்டுவது அதன் பணி. ஒற்றைக் கோணம் அக்கோப்பை முதலில் வெறுமையாக்கிவிட்டுத்தான் கட்டளையையே தொடங்கும். இரட்டைக் கோணம் இருப்பதன் இறுதியில் சேர்க்கும். பெயர்ப்பட்டியலை அகரவரிசைப்படுத்தி அதே கோப்பில் ஒற்றைக் கோணத்தால் கொட்ட முயன்றவன் கையில் எஞ்சுவது வெற்றுக் கோப்பு. வரிசைப்படுத்தும் ஏவல் படிக்க வருமுன்பே படிப்பதற்கு ஒன்றும் இல்லாமற் போயிருக்கும். நீக்கலைக் கண்டு அஞ்சுவோர் இக்கோணத்தைக் கண்டு அஞ்சாதது வியப்பு.

'சூடோ' என்னும் முன்சொல், ஏவலைக் கணினியின் தலைமை உரிமையோடு நிறைவேற்றும். இசைவில்லை என்று பொறி மறுக்குந்தோறும் சூடோவை முன்னே ஒட்டுவது, பூட்டிய கதவு ஒவ்வொன்றையும் உடைத்துப் பார்ப்பது போன்றது. ஏன் மறுத்தது என்று முதலில் ஆராய்க. இணையத்தில் யாரோ எழுதிவைத்த வரியை அப்படியே படியெடுத்து ஒட்டுவதும் இத்தகையதே. கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளை வரிக்குள் மறைத்துவைக்கத் தீயோரால் இயலும். கையால் அடித்தால் மறைந்தது சேராது. அடிக்கும்போதே ஒவ்வொரு சொல்லையும் ஓர்ந்து பார்க்கவும் நேரும். பொருள் தெரியாத அடை வந்தால் 'மேன்' என்னும் ஏவலால் கையேட்டுப் பக்கத்தைத் திறந்து காண்க. யூனிக்சின் முதற்கையேடு 1971 நவம்பர் 3 என நாளிட்டு வந்தது. அதில் ஒவ்வொரு கட்டளைக்கும் உரிய குறைகளைப் படைத்தோரே 'பிழைகள்' என்று தலைப்பிட்டு எழுதிவைத்தனர். நூலாசிரியர் பலரும் மேற்கொள்ளத்தக்க வழக்கம்!

இனித் தமிழன்பர் சிலர் கேட்பதற்கு விடை கூற வேண்டும். இக்கட்டளைகளையே தமிழாக்கிவிட்டால் என்ன என்பது அவர்தம் வினா. கட்டளைக்கு மாற்றுப்பெயர் சூட்ட அங்கே இடமுண்டு. எல்-எசு என்பதற்குப் 'பட்டியல்' எனத் தமிழெழுத்திலேயே பெயர் வைக்கலாம். எனினும் தொடக்கநிலையில் அது வேண்டா. அம்மாற்றுப்பெயர் அந்த ஒரு கணினியோடு நின்றுவிடும். வேறொரு பொறிமுன் அமர்ந்தால் மாணவன் வாயில்லாதவனாவான். அதைவிடக் கேடானது, கேட்டு நீக்கும் அடையை ஆர்-எம் என்னும் பெயரிலேயே மறைத்துவைப்பது. அக்காப்புக்குப் பழகியவன் காப்பில்லாத பொறியில் கேள்வி வரும் என்று எதிர்பார்த்து ஏவுவான், கேள்வி வராது. கட்டளையைத் தமிழாக்குவது வேறு. கட்டளையின் பொருளைத் தமிழில் கற்பிப்பது வேறு. இன்று குறைவாக இருப்பது பின்னதே. நல்ல தமிழில் கையேட்டுப் பக்கங்களை எழுதித் தருவோர் இக்கூட்டத்திலிருந்தே எழ வேண்டும்.

தமிழ் எழுத்துக்கு அங்கே இடமில்லை என்று எண்ணற்க. 1992ஆம் ஆண்டில் அதே கென் தாம்சனும் இராபு பைக்கும் நியூ செர்சி உணவுவிடுதியொன்றில், மேசைமீது விரித்த தாளிலேயே, உலகின் எல்லா எழுத்துகளையும் எழுதவல்ல யூடிஎப்-8 என்னும் குறிமுறையை வரைந்தனர். அதனால்தான் இன்று இலினக்சுக் கட்டளைவரியில் கோப்புகள் தமிழ்ப்பெயர் தாங்குகின்றன. தமிழ்க்குறி ஒவ்வொன்றுக்கும் அதில் மூன்று பைட்டு. இலக்கணப்படி மூன்றெழுத்தாகிய 'அம்மா' என்னும் சொல் பொறிக்கு ஐந்து குறி, 15 பைட்டு. கோப்புப் பெயர் பெரும்பாலும் 255 பைட்டுக்கு மேற்செல்லக் கூடாது. ஆதலின் தமிழில் 85 குறிகள் வரை வைக்கலாம். பெயருக்கு அது போதாதா?

பயிற்சியின் முதல் நாளில் மாணவர் ஒவ்வொருவரும் 'களம்' என்று ஓர் அடைவு படைப்பர். அதில் தம் ஊர்ப்பெயரை எழுதி ஒரு கோப்பு வைப்பர், படியெடுப்பர், இருக்குமிடம் காண்பர், பட்டியலிடுவர். பிறகு ஏவலை வாய்விட்டுத் தமிழில் பொருள் சொல்லிவிட்டு மூலத்தை நீக்குவர். மீண்டும் பட்டியலிட்டு, அஃது அங்கே இல்லை என்பதையும் படி இருக்கிறது என்பதையும் தம் கண்ணாலே காண்பர். வகுப்பு நாளைக் காலை பத்து மணிக்குத் தொடங்கும்.