காலனி என்றொரு இங்கிலீஷ் வார்த்தை

(கோவையில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



மொழியும் சாதியும் பற்றிப் பேசச் சொன்னார்கள். அது கடல். கரையில் நின்று ஒரு செம்பு தண்ணி மொண்டு காட்டுகிறேன். ஒரே ஒரு வார்த்தை. அதுவும் தமிழ் வார்த்தை இல்லை, இங்கிலீஷ் வார்த்தை. ஆனால் பள்ளிக்கூடமே போகாத எங்கம்மாவுக்கும் தெரிந்த வார்த்தை: காலனி.

இங்கிலீஷ் அகராதியில் பார்த்தால் இதற்கு வரிசையாக அர்த்தம் இருக்கிறது. ஒரு நாடு கடல் தாண்டிப் போய்ப் பிடித்து ஆளும் இன்னொரு நாடு. அங்கே போய்க் குடியேறியவர்களின் கூட்டம். ஒரே தொழில், ஒரே இனத்து ஆட்கள் சேர்ந்து வாழும் இடம். எறும்புக் கூட்டமும் காலனிதான். ஆய்வகத்துத் தட்டில் புள்ளி புள்ளியாக வளரும் பாக்டீரியாவும் காலனிதான். கைதிகளைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டிய இடமும் காலனி. ஆஸ்திரேலியாவில் 1788இல், அந்தமானில் 1858இல் வெள்ளைக்காரன் செய்தது அதைத்தான். ராஜாவிலிருந்து பாக்டீரியா வரைக்கும் ஒரே வார்த்தைக்குள் குடியிருக்கிறார்கள்.

இதன் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. 'கொலோனஸ்' என்றால் உழுகிறவன். உழுவது, பயிர் செய்வது, குடியிருப்பது மூன்றுக்கும் சேர்த்து ஒரு வினைச்சொல். அதிலிருந்துதான் 'கொலோனியா' வந்தது. ரோமாபுரிக்காரன் பிடித்த நாடுகளில், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சிப்பாய்களுக்கு நிலம் பிரித்துக் கொடுத்துக் குடி வைத்தான். அந்த ஊர்களுக்குப் பெயர் கொலோனியா. ஜெர்மனியில் இருக்கும் கொலோன் நகரத்தின் பெயரே இதுதான். அதே வேரில் இருந்து வந்த இன்னொரு வார்த்தை 'கல்ச்சர்'. காலனியும் கல்ச்சரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். நம்ம நாட்டுக்கு வந்ததும் பாகம் பிரித்துவிட்டார்கள். கல்ச்சர் ஊருக்குப் போனது, காலனி நமக்கு வந்தது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். வேரில் காலனி என்றால் உழுகிறவனுக்கு நிலம் கிடைத்த இடம். நம்ம காலனியில் உழுகிறவன் இருக்கிறான். நிலம் எங்கே?

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. இலங்கை 1802இல் இருந்து பிரிட்டிஷ் முடிக்குச் சொந்தமான காலனி; லண்டனில் காலனி ஆபீஸின் கீழ் வந்தது. இந்தியாவுக்கு அங்கே தனியாக இந்தியா ஆபீஸ் இருந்தது. ஆட்சி, சுரண்டல் எல்லாம் ஒன்றுதான், சந்தேகம் இல்லை. ஆனால் ஆபீஸ் காகிதத்தில் கோயமுத்தூர் ஜில்லாவை வெள்ளைக்காரன் காலனி என்று எழுதவில்லை. அவன் எழுதாத பெயர், அவன் போன பிறகும் நம்ம நெற்றியில் நிற்கிறது. நம்ம அறிவாளிகள் காலனியம், பின்காலனியம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அவற்றில் எத்தனை பக்கத்தில் நம்ம காலனி வந்திருக்கிறது?

இந்த வார்த்தை நம்மிடம் எப்படி வந்து சேர்ந்தது?

அதற்கு முன்னால் 'சேரி' இருந்தது. சேர்ந்து வாழும் இடம் சேரி, அவ்வளவுதான். சோழர் காலத்துப் பிரம்மதேய ஊர்களில் பிராமணர்கள் இருந்த பகுதிகளுக்கும் சேரி என்றுதான் பெயர். முதலாம் ராஜராஜனின் தஞ்சாவூர்க் கல்வெட்டுகளில் பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி எல்லாம் தனித்தனியாக வருகின்றன. அப்போது எந்தச் சேரி என்று சொல்லியாக வேண்டும். பின்னால் மற்றவர்கள் எல்லாம் அந்த வார்த்தையை விட்டு எழுந்து போய்விட்டார்கள். சேரி என்றாலே நாம்தான் என்று ஆயிற்று.

1892இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து பஞ்சமி நிலத்துக்கான ஆணை வந்தது. 1920 வாக்கில் சென்னை மாகாணத்தில் தொழிலாளர் துறை, ஒடுக்கப்பட்டவர்களுக்கு வீட்டுமனை வாங்கிக் கொடுக்கும் வேலையைத் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு அது ஹரிஜன நலத்துறையின் வேலை ஆனது. 1978இல் ஹரிஜன நலத் திட்டங்களுக்கு நிலம் கையகப்படுத்துவதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. அளந்து, கல் நட்டு, நேர்கோட்டில் வரிசையாகக் கட்டிக் கொடுத்த வீடுகளுக்கு அரசாங்கம் வைத்த பெயர் காலனி. நாகரிகமான வார்த்தை என்றுதான் வைத்தார்கள். சேரி என்று கேட்டு நொந்த காதுக்கு அது நன்றாகவும் இருந்திருக்கும்.

அதே நாகரிகத்துக்காகத்தான் கோவை நகரத்திலும் இந்த வார்த்தையை வைத்தார்கள். சாயிபாபா காலனி, பீளமேட்டில் பாரதி காலனி, துடியலூர்ப் பக்கம் என்.ஜி.ஜி.ஓ. காலனி. சாயிபாபா காலனியில் ஒரு சென்ட் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். அங்கே வீடு இருக்கிறது என்று சொன்னால் பெண் கொடுக்க வருவார்கள். எங்கள் அவிநாசிப் பக்கத்துக் கிராமத்தில் காலனியில் வீடு என்று சொன்னால் தண்ணீரே கொடுக்கமாட்டார்கள். ஒரே வார்த்தை, முப்பது நாற்பது கிலோமீட்டர் தூரம். நான் வங்கிக் குமாஸ்தா. ஒரு ரூபாய் நோட்டு எங்கே கொடுத்தாலும் ஒரு ரூபாய்தான். வார்த்தைக்கு அந்த நேர்மை கிடையாது.

இதற்கு ஒரு இலக்கணமும் இருக்கிறது, புலவர்கள் எழுதாத இலக்கணம். காலனிக்கு முன்னால் சாமி பெயரோ தலைவர் பெயரோ போட்டு நகரத்தில் சொன்னால் அது விலாசம். முன்னால் ஒன்றும் இல்லாமல் மொட்டையாகக் 'காலனி' என்று கிராமத்தில் சொன்னால் அது சாதி. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் கேட்பார்: "தம்பிக்கு எந்த ஊருங்க?" சொல்லுவோம். கொஞ்ச நேரம் கழித்து அடுத்த கேள்வி வரும்: "ஊருக்குள்ளீங்களா, காலனீங்களா?" எவ்வளவு மரியாதை பாருங்கள்! கொங்குத் தமிழின் 'ங்க' ஒன்றும் குறையாது. ஆனால் பதிலைக் கேட்டதும் அந்த 'ங்க' இறங்கிப் போய்விடும். எந்தச் சாதி என்று நேராகக் கேட்டால் அசிங்கம் என்று தெரிந்தவர்கள் கண்டுபிடித்த மாற்றுச் சொல் இது.

ஊர் என்ற வார்த்தையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஊர் கூடித் தேர் இழுக்கணும் என்கிறார்கள். எந்த ஊர்? வடத்தைத் தொட நமக்கு உரிமை உண்டா? ஊர்க்கட்டுப்பாடு, ஊர்ப்பொது, ஊர்க்கிணறு, இந்த ஊர்களில் எதிலாவது நாம் இருக்கிறோமா? காலனி என்ற வார்த்தைக்கு எதிர்ச்சொல் எந்த அகராதியிலும் இல்லை. கொங்கு நாட்டில் இருக்கிறது: ஊர்.

பேச்சில் இன்னொரு வார்த்தையும் இதோடு உரசும். காலில் போடுகிற காலணி. ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். போர்டு எழுதுகிறவர்கள் அடிக்கடி மாற்றி எழுதிவிடுவார்கள். எங்கள் ஆட்கள், அருந்ததியர்கள், தோல் பதப்படுத்திச் செருப்புத் தைத்தவர்கள். தைத்துக் கொடுத்தவன் அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு ஊர்த்தெருவில் நடக்கக்கூடாது. எங்கப்பன் தெருமுனையில் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தவர். காலனிக்காரனுக்குக் காலணி ஆகாது என்பது வார்த்தை விளையாட்டு இல்லீங்க, சட்டமாக இருந்தது.

2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் ஒரு அறிவிப்பு வெளியிட்டார். காலனி என்ற சொல் ஆதிக்கத்தின், தீண்டாமையின் அடையாளமாகவும் வசவாகவும் மாறிவிட்டது. அரசு ஆவணங்களில் இருந்தும் பொதுப் புழக்கத்தில் இருந்தும் அது நீக்கப்படும் என்றார். அதே ஆண்டு அக்டோபரில், தெருக்கள், குடியிருப்புகளின் சாதிப் பெயர்களை மாற்ற அரசாணை வந்தது. அந்த அக்டோபர் 9ஆம் தேதிதான் கோவை அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்தைத் திறந்தார்கள். அதன் பெயர் ஜி.டி. நாயுடு மேம்பாலம். ஜி.டி. நாயுடு பெரிய மேதை, கோவைக்குப் பெருமை, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. அந்தப் பெயரிலிருந்து வாலைப் பிரிக்க முடியாது என்று சொன்னார்கள். இருக்கட்டும். சிலருடைய சாதிப் பெயர் பட்டமாக மேலே நிற்கிறது, சிலருடையது வசவாகக் கீழே கிடக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைத்துச் 'சாதிப் பெயர்' என்று பேசினால் கணக்கு ஒத்துவராது.

பெயர் மாற்றத்தை நான் வரவேற்கிறேன். "பேர மாத்துனா சோறு கெடைக்குமா" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். பெயருக்கான போராட்டம் நம் வரலாற்றில் சின்ன விஷயம் அல்ல. எம்.சி.ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் போராடித்தான் 1922இல் பறையர், பஞ்சமர் என்ற பெயர்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்று அரசுக் காகிதத்தில் வந்தது. ஹரிஜன் என்ற சொல்லை நம் மீது சுமத்துவதை எதிர்த்து 1938இல் அம்பேத்கர் பம்பாய்ச் சட்டமன்றத்தில் இருந்து வெளியேறினார். நம்மை என்ன சொல்லி அழைப்பது என்பதை நாம் முடிவு செய்வோம் என்பதே சுயமரியாதையின் முதல் பாடம்.

ஆனால் வரலாறு இரண்டாவது பாடத்தையும் சொல்கிறது. சேரி போய்க் காலனி வந்தது. காலனி சேரி ஆகிவிட்டது. ஆதிதிராவிடர் என்பதே சுருங்கி 'ஏ.டி.' ஆனது; ஏ.டி. காலனி என்றால் அதே பார்வைதான். நாளைக்கு மல்லிகை நகர் என்று பெயர் வைத்தாலும், தண்ணிக்கும் சுடுகாட்டுக்கும் வழி மாறவில்லை என்றால், பத்தே வருடத்தில் "மல்லிகை நகருங்களா?" என்று கேட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வார்த்தை தானாக அழுக்காவதில்லை. சுவர் இருக்கும் வரைக்கும், சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும் எந்த வார்த்தையும் அழுக்காகத்தான் செய்யும்.

சுவர் என்று நான் உவமைக்குச் சொல்லவில்லை. மேட்டுப்பாளையம் நடூர். 2019 டிசம்பர் 2, விடியாத நேரம், மழை. பக்கத்து வீட்டுக்காரர் எழுப்பியிருந்த சுமார் 20 அடி உயரச் சுவர் ஏ.டி. காலனி வீடுகள் மேல் விழுந்தது. தூக்கத்திலேயே 17 பேர் செத்தார்கள். எங்கள் சனங்கள். நியாயம் கேட்டுத் திரண்டவர்களுக்குத் தடியடியும் கைதும் கிடைத்தன. அந்த 17 பேருக்கும் காலனி என்ற வார்த்தையின் கடைசி அர்த்தம் அந்தச் சுவராக இருந்தது. அதை எந்த அகராதி எழுதும்?

தனியாக இருப்பதுதான் நம் பிரச்சினையா? யோசிக்க வேண்டிய இடம் இது. 1942இல் நாக்பூரில் கூடிய தாழ்த்தப்பட்டோர் மாநாடு, தனிக் குடியிருப்பு வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்திலும் அம்பேத்கர் அதையே கேட்டார்: அரசின் தரிசு நிலங்களில், அதற்கென ஒரு ஆணையம் அமைத்து, சாதி இந்துக் கிராமத்துக்கு வெளியே நம் மக்களைக் குடியமர்த்த வேண்டும். அவர் கேட்டது உண்மையில் ரோமாபுரி அர்த்தத்துக் காலனி: உழுகிறவனுக்கு நிலம், சொந்தக் காலில் நிற்கும் வாழ்வு. நமக்குக் கொடுத்தது என்ன? மூன்று சென்ட் மனை, கூலிக்கு அதே ஊரின் தோட்டம். ஊரில் இருந்து விலக்கி வைத்தார்கள், ஊரின் பிடியில் இருந்து விலக விடவில்லை. பிரித்து வை, ஆனால் உழைப்பை எடுத்துக்கொள். வெள்ளைக்காரன் காலனிக்கும் இதுதானே சூத்திரம்?

உக்கடத்தில் சி.எம்.சி. காலனி இருந்தது. மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்களின் குடியிருப்பு. மேம்பாலத்துக்காக இடித்தார்கள். பாலம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஆவணத்தில் இருந்து வார்த்தையை எடுப்பதற்கு முன்னாலேயே, வார்த்தையோடு சேர்த்து மண்ணையும் எடுத்துவிட்ட இடம் அது.

கடைசியாக, குமாஸ்தாவாக ஒரு விஷயம். கவுண்டரில் உட்கார்ந்து பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன். பையன்கள் விண்ணப்பத்தில் நகர் என்று எழுதுகிறார்கள், ஆதாரிலும் ரேஷன் அட்டையிலும் காலனி என்று இருக்கிறது. பெயர் ஒத்துப்போகவில்லை என்று காகிதம் திரும்புகிறது. கல்விக் கடனுக்கு ஒரு மாதம் அலைகிறான். இப்போது மாநிலம் முழுக்கப் பெயர் மாறினால் இந்த அலைச்சல் எத்தனை வீட்டுக்கு வரும்? மாற்றும் பொறுப்பை அரசாங்கமே ஏற்று, வீடு தேடி வந்து எல்லா அட்டையிலும் மாற்றித் தர வேண்டும். நம் சனம் வரிசையில் நின்று மாற்றக்கூடாது.

இன்னொன்று இதைவிட முக்கியம். பழைய ஆவணத்தில் 'ஆதிதிராவிடர் காலனி' என்று இருக்கும் அந்த வரிதான், இந்த மனையும் சுடுகாடும் பாதையும் நமக்காக எடுக்கப்பட்டவை என்பதற்கான சாட்சி. பட்டா கையில் இருந்தும் இடம் அளந்து கொடுக்காத காலனிகள் நம்ம பக்கம் இருக்கின்றன. வார்த்தையை அழிக்கும்போது சாட்சியும் அழிந்துவிடக்கூடாது. அதனால் மாணவத் தோழர்கள் லீவு நாளில் ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு காலனிக்கும் போங்கள். எத்தனை மனை, எத்தனை பட்டா, சுடுகாடு எத்தனை சென்ட், பாதை யார் நிலத்தில் போகிறது, எந்த வருடம் நிலம் எடுத்தார்கள், எல்லாம் எழுதி வாங்குங்கள். புதுப் பெயரைத் தாசில்தார் ஆபீஸில் முடிவு செய்ய விடாதீர்கள். கிராமசபையில் காலனிப் பெண்கள் எழுந்து சொல்லும் பெயர் போர்டில் ஏறட்டும். அந்த போர்டு எங்கே நிற்க வேண்டும் என்பதையும் அவர்களே சொல்லட்டும். ஊர்முகப்பில், பஸ் நிற்கும் இடத்தில், ஊர்ப் பெயருக்குச் சமமான எழுத்தில்.