பெயருக்கு முன் ஒரு மூச்சு

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பதுளை தொடக்கம் ஹல்துமுல்ல வரை தோட்ட லயங்களில் வானொலி கொஞ்சம் சத்தமாகவே கேட்கும். பாட்டுக்காக அல்ல, மண்சரிவு எச்சரிக்கைக்காக. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்த மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிய பிறகு, அந்த அறிவிப்பை யாரும் அசட்டையாகக் கேட்பதில்லை.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கைக்கு மூன்று நிறம். மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும். செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக வேண்டும். சிவப்பு என்றால் வெளியேறிவிட வேண்டும். உதாரணத்துக்கு இப்படி ஓர் அறிவிப்பு: "ஹாலிஎல, பசறை, ஹப்புத்தளை, எல்ல ஆகிய பிரிவுகளில் ஆபத்தான சரிவுகளில் இருப்போர் உடனே வெளியேற வேண்டும்." இலக்கணப்படி குற்றமில்லை. ஆனால் பசறை என்ற பெயர் காதில் விழும்போது, அது நிற்கச் சொல்கிறதா ஓடச் சொல்கிறதா என்று பசறைக்காரருக்குத் தெரியாது. நம் மொழியில் வினை கடைசியில்தானே வரும்! அது வருவதற்குள் பாதிப் பெயர் மறந்துபோகும்.

"உடனே வெளியேற வேண்டிய பிரிவுகள்" என்று முதலில் எழுதி, முக்காற்புள்ளி வைத்து, அப்புறம் ஊர்களை அடுக்கினால் காது முன்கூட்டியே தயாராகிவிடும். புள்ளி காதுக்குக் கேட்காதே என்பீர்கள். வாசிப்பவர் நிற்பது கேட்கும். காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு என்று தமிழ் வாத்தியார்கள் சொல்லிக்கொடுத்த கணக்கு இதற்குத்தான்.

அதற்காக முக்காற்புள்ளியைக் கண்ட இடத்தில் வைக்கக் கூடாது. "பதுளை, லுணுகலை ஆகிய ஊர்களில்" என்று ஓடுகிற வாக்கியத்துக்கு நடுவே அந்தப் புள்ளிக்கு வேலையே இல்லை. சில காரியாலயக் கடிதங்களில் முக்காற்புள்ளிக்குப் பின்னால் ஒரு கோடும் இழுப்பார்கள். அது ஏனென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வானொலி மட்டுமல்ல, தோட்டத்தில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் ஒட்டும் நோட்டீஸையும் பாருங்கள். "பிள்ளை, தாய், தந்தை பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை முதலியன கொண்டுவரவும்." அடையாள அட்டை யாருடையது? பிறப்புச் சான்றிதழ் மூவருக்குமா? இப்படி எழுதலாம். கொண்டுவர வேண்டியவை, முக்காற்புள்ளி. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், அரைப்புள்ளி. தாய், தந்தை இருவரின் அடையாள அட்டைகள், அரைப்புள்ளி. விவாகச் சான்றிதழ், முற்றுப்புள்ளி. உருப்படிக்குள்ளேயே காற்புள்ளி வந்துவிட்டால், உருப்படிகளைப் பிரிக்க அரைப்புள்ளிதான் சரி.

அந்த "முதலியன"வைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அதற்குள் என்ன இருக்கிறதென்று எழுதியவருக்குத் தெரியும். ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய கூலியை, விட்டுவிட்டு, லுணுகலையிலிருந்து பஸ் ஏறி வந்து, பதுளையில் வரிசையில் நிற்கிற அம்மாவுக்குத் தெரியாது. திரும்பவும் போய்வர இன்னொரு பேர் போகும். அடியில் "மொத்தம் நான்கு பத்திரங்கள்" என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது. வாசித்துக்காட்டுகிற பிள்ளை ஒன்றை விட்டுவிட்டாலும் கணக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.