இரத்தம் எட்டாத கால்கள்



காலுக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டால் புண் ஆறாது; முற்றினால் காலையே எடுக்க நேரிடும். புதிய குழாய்கள் வளரட்டும் என்று, நோயாளியின் எலும்பு மஜ்ஜை அணுக்களையே அவர் காலில் செலுத்தி, 2002இல் ஜப்பானிய மருத்துவர்கள் நம்பிக்கையூட்டினர். 2015இல் வெளியான நெதர்லாந்து ஆய்விலோ, 160 நோயாளிகளுள் ஒரு சாராருக்கு மஜ்ஜை அணுக்களும், மறுசாராருக்கு வெற்று மருந்தும் தமனி வழியே செலுத்தப்பட்டன. இரு சாராரும் ஓரளவு நலம் கண்டனர்; ஆனால் கால் இழப்பை அணுக்கள் குறைக்கவில்லை.

ஆகவே, ஒருவர் தேறியதைக் காட்டி, "ஊசி போட்டால் கால் பிழைக்கும்" என்போரிடம் நகைகளை விற்றுப் பணம் கட்டுமுன் நாம் நிதானிக்க வேண்டும். நடக்கையில் கெண்டைக்கால் வலித்து, நின்றால் தணிகிறதா? அன்றே பீடி, சிகரெட்டைக் கைவிட்டு, சர்க்கரையைக் கட்டுப்படுத்தி, இரத்தக்குழாய் அறுவை மருத்துவரை நாடுவோமாக!