விலை ஏற்றுவது கிரகமா? மனிதனா?

(சேவூர்க் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நம்மைப் பேசச் சொன்ன விஷயம் மளிகைச் சாமான் விலையைப் பற்றியதாகும். விலை ஏறினால் "காலம் கெட்டுப் போச்சு, கிரகம் சரியில்லை" என்று சொல்லிக் கொண்டு கேட்ட காசைக் கொடுத்துவிட்டு வருகிறோமே, அதைப் பற்றித்தான் உங்களைச் சற்று யோசிக்கும்படி கேட்டுக் கொள்ளுகிறோம்.

சித்திரை முதல் நாளில் பஞ்சாங்கம் படிக்கிறார்கள். விலைவாசிக்கு அர்க்காதிபதி என்று ஒரு கிரகமாம். எண்ணெய், நெய் முதலியவற்றிற்கு ரசாதிபதி என்று மற்றொரு கிரகமாம். நல்லது. எண்ணெய் ஒன்றை மாத்திரம் எடுத்துக் கொண்டு இந்த அதிகாரிகளின் யோக்கியதையைப் பார்ப்போம்.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரேன் மீது படையெடுத்தது. சூரியகாந்தி எண்ணெய் வருவது தடைப்பட்டது. ஏப்ரல் 28ந் தேதி இந்தோனேஷியா சர்க்கார் பாமாயில் ஏற்றுமதியை நிறுத்திற்று. மே 23ந் தேதி மறுபடியும் அனுமதித்தது. 2024 செப்டம்பர் 14 முதல் நமது மத்திய சர்க்கார் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் இறக்குமதி வரியை, மேல்வரி உட்பட, நூற்றுக்கு 5.5லிருந்து 27.5 ஆக உயர்த்திற்று. 2025 மே மாதக் கடைசியில் அதையே 16.5 ஆகக் குறைத்தது. இவ்வளவும் மனிதர்கள் கையெழுத்துப் போட்டுச் செய்த காரியங்களேயன்றி, இதில் சனிக்கும் குருவுக்கும் என்ன வேலை என்று கேட்கிறோம்.

எங்கோ போட்ட உத்தரவு நம் வாணலிக்கு எப்படி வந்தது? இந்தியாவில் செலவாகும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. நிலக்கடலை ஏலம் நடக்கும் இந்தச் சேவூரிலும், கடலையைக் காசாக்கிவிட்டு, கடைக்குப் போய்ப் பாமாயில் வாங்கி வரும் வீடுகள் அனேகம்.

"அப்படியானால் வரியை அடியோடு எடுத்துவிட்டால் தீர்ந்ததா?" என்று கேட்கலாம். தீராது. வெளி எண்ணெய் மலிவாய்க் குவிந்தால் நம் கடலைக்காரனுக்கு விலை கிடைக்காது. அவனுக்காகத்தான் வரி என்று சர்க்கார் சொல்லுகிறது. ஆனால், அந்தப் பாரம் பனியன் கம்பெனியில் வேலை செய்பவர்கள் தலையிலும் வந்து விழுகிறது. கூலி சில வருஷங்களுக்கு ஒருமுறை பேசி ஒப்பந்தமாகிறது. எண்ணெய் அதுவரை காத்திருக்குமா?

மனிதன் ஏற்றியதை மனிதன் தாங்கவும் முடியும் என்பதற்கு நம் ரேஷன் கடையே சாட்சி. 2007இல் தொடங்கிய சிறப்பு விநியோகத் திட்டத்தில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கொடுக்கப்பட்டு வருகிறது. மீதிப் பணம் பொக்கிஷத்திலிருந்து, அதாவது நம் வரியிலிருந்து போகிறது. ஆகவே அது தர்மமல்ல, நமது உரிமை. எடை குறைந்தாலும், சாமான் வராவிட்டாலும், தைரியமாகக் கேட்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. விலை ஏறினால் வீட்டில் முதலில் குறைவது யாருடைய சோறு? ஆண்களுடைய டீயும் பீடியும் குறைவதில்லை. விளக்குக்கு எண்ணெயும் பரிகாரத்துக்குத் தட்சணையும் குறைவதில்லை. எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் உட்காருகிற பெண்ணின் குழம்பில்தான் பருப்பு காணாமல் போகிறது. அதை அவள் சொல்லுவதுமில்லை, நாம் கேட்பதுமில்லை. நாட்டுப் பொருளாதாரத்தைப் பற்றி டீக்கடையில் மணிக்கணக்காய்ப் பேசுகிறோம். நம் வீட்டுப் பொருளாதாரத்தை நடத்துகிறவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்பதில்லை. இது வெட்கப்படத் தக்கதா அல்லவா?

ஆகையால் தோழர்களே, வரவு செலவை ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்தச் சாமான், எந்த மாதம், எவ்வளவு ஏறிற்று என்று குறித்து வையுங்கள். கூலி பேசும்போதும் ஓட்டுக் கேட்டு வரும்போதும் அந்த நோட்டை எடுத்து நீட்டுங்கள். அர்க்காதிபதி பதில் சொல்லமாட்டார். மனிதர்கள் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று கூறி, இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.