புலியருவியும் ஒரு புலிக் கதையும்



குழந்தைகளுக்கான புத்தகங்களைப் பற்றிப் பேசுமாறு வானொலி நிலையத்தார் என்னைக் கேட்டபோது, முப்பத்தாறு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் கழித்தவன் ஆகையால், இது எனக்குக் கைவந்த பொருள் என்றே எண்ணினேன். பெற்றோர் வாங்கிக் கொடுக்கத் தக்கவை இவை, தகாதவை இவை என்று ஒரு பட்டியல் எழுதவும் தொடங்கினேன். அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடும்படி ஆயிற்று. அது எப்படி என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன். வீட்டுக் கதைதான். ஆயினும் குழந்தைகள் உள்ள எந்த வீட்டிலும் நடக்கக் கூடியது.

சென்னையில் இருக்கும் என் மகள், வைகாசிக் கடைசியில், பள்ளி திறக்கச் சில நாட்களே இருக்கையில், இரு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு தென்காசிக்கு வந்திருந்தாள். மூத்தவள் பேத்தி; எட்டு வயது. இளையவன் நான்கு வயதுப் பேரன். மாப்பிள்ளைக்கு விடுமுறை கிடைக்கவில்லை. இவ்வாண்டு சாரல் சற்று முன்னதாகவே இறங்கிவிட்டது. திரிகூட மலையை மேகம் மூடியிருக்க, வீட்டு முற்றத்திலேயே பன்னீர் தெளித்தாற்போல் தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவர்களுடைய ஆச்சிக்கு முழங்கால் வலி குறைந்து, மூன்று ஆண்டுகளுக்குப் பின் அருவிக்கு வருகிறேன் என்றாள். எல்லோரும் குற்றாலத்துக்குப் புறப்பட்டோம்.

பேரருவியில் கூட்டம் அதிகம். சிறுவர்களைக் கொண்டு நிறுத்த இயலாது. ஆகவே புலியருவிக்குச் சென்றோம். நீர் மென்மையாக விழும் இடம். குழந்தைகளுக்கும் முதியோருக்கும் அதுதான் ஏற்றது. நனைந்துகொண்டே பேத்தி கேட்டாள்: "தாத்தா, இங்கே புலி வருமா?" தெற்கே களக்காடு-முண்டந்துறைக் காட்டில் புலிகள் இருக்கின்றன, அதை 1988இல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள் என்று ஆசிரியர் தோரணையில் விளக்கினேன். அது அவளுக்குப் போதவில்லை. புலிக் கதை வேண்டும் என்றாள். எனக்கு உடனே அலமாரியில் இருந்த ஒரு பழைய புத்தகம் நினைவுக்கு வந்தது.

ஆசிரியப் பயிற்சி முடித்த புதிதில், மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கியது அது. உள்ளங்கை அகலமே இருக்கும் ஆங்கிலப் படப் புத்தகம். 'லிட்டில் பிளாக் சாம்போ' என்பது அதன் பெயர். ஒரு கறுப்புச் சிறுவன் சிவப்புச் சட்டையும் நீலக் காற்சட்டையும் ஊதாச் செருப்பும் அணிந்து, பச்சைக் குடை பிடித்துக் காட்டுக்குள் உலாவப் போகிறான். நான்கு புலிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒவ்வொரு புலிக்கும் ஒரு பொருளைக் கொடுத்துத் தன் உயிரைக் காத்துக்கொள்கிறான். புலிக்குக் கால்கள் நான்கு, செருப்போ இரண்டு; ஆகவே காதில் மாட்டிக்கொள் என்று யோசனை சொல்கிறான்! பிறகு புலிகள் தம்முள் யார் அழகன் என்று சண்டையிட்டு, ஒன்றன் வாலை மற்றொன்று கடித்துக்கொண்டு மரத்தைச் சுற்றி ஓடி ஓடி உருகி நெய்யாகிவிடுகின்றன. தகப்பன் அந்த நெய்யைப் பித்தளைப் பானையில் எடுத்து வர, தாய் பலகாரம் சுடுகிறாள். தாய் 27, தகப்பன் 55, பையன் 169 தின்று தீர்க்கிறார்கள். குழந்தைகளுக்கு எழுதப்பட்ட கதைகளில் இத்துணைக் கட்டுக்கோப்பானவை சிலவே என்பது என் கருத்து; இன்றும் அக்கருத்து மாறவில்லை.

வீடு திரும்பியதும் அலமாரியைத் துழாவி அதை எடுத்தேன். பேத்தியை மடியருகில் இருத்தி அட்டையைத் திருப்பினேன். ஈரத்துணி உலர்த்திக்கொண்டிருந்த என் மகள் திரும்பிப் பார்த்தாள். வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் சிறு வயதிலிருந்தே என்னிடம் இவ்வாறு நடந்தவள் அல்லள். குழந்தைகள் உறங்கிய பிறகு திண்ணையில் வந்து அமர்ந்தாள். "அப்பா, மூன்றாம் வகுப்பில் இதை எங்களுக்கு நீங்கள் வாசித்துக் காட்டினீர்களே, நினைவிருக்கிறதா?" என்றாள். நன்றாக நினைவிருக்கிறது என்றேன். 1994ஆம் ஆண்டு. புலியைப்போல் உறுமி, மேசையைச் சுற்றி ஓடி, வகுப்பு முழுவதையும் சிரிக்க வைத்தேன். அன்று பார்வையிட வந்திருந்த அதிகாரிகூட மெச்சினார்.

"மறுநாள் முதல் எனக்கு அந்தப் பெயர்தான். பத்தாம் வகுப்பு வரைக்கும்."

என் மகள் என் நிறம். அதாவது நல்ல கறுப்பு. வாத்தியார் மகள் என்பதால் என் காதில் விழாமல் அழைத்திருக்கிறார்கள். ஏன் அம்மா சொல்லவில்லை என்றேன். "நீங்கள்தாமே சிரித்துக்கொண்டு வாசித்தீர்கள், உங்களிடம் எப்படிச் சொல்வது?" என்றாள். அந்த ஆண்டு தீபாவளிக்கு எடுத்த சிவப்புப் பட்டுப்பாவாடையை உடுக்கவே மாட்டேன் என்று அவள் அழுததும், பெண்பிள்ளைக்கு இத்தனை பிடிவாதம் ஆகாது என்று நான் அதட்டியதும் அப்போதுதான் எனக்கு ஒன்றோடொன்று பொருந்தின. சிவப்புச் சட்டை! முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதைப் பிடிவாதம் என்றே கருதி வந்திருக்கிறேன்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்தப் புத்தகத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். இதை எழுதியவர் ஹெலன் பானர்மன் என்னும் ஸ்காட்லாந்துப் பெண்மணி. 1862இல் எடின்பரோவில் பிறந்தவர். கணவர் இந்திய மருத்துவப் பணியில் இருந்த டாக்டர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நம் நாட்டில் வாழ்ந்திருக்கிறார். கதை பிறந்த இடம் எது என்று நினைக்கிறீர்கள்? நம் தமிழ்நாட்டு ரயில் வண்டி! கோடைக்கானலில் தம் இரு பெண்குழந்தைகளை விட்டுவிட்டுச் சென்னைக்குத் திரும்பும் நீண்ட பயணத்தில், 1898இல், பிரிந்த ஏக்கம் தீர அவர்களுக்கென்று புனைந்த கதை என்று சொல்கிறார்கள். 1899இல் லண்டனில் அச்சாயிற்று. ஐந்து பவுனுக்கு உரிமை முழுவதும் கைமாறிவிட்டது. ஆகையால் பின்னர் அமெரிக்கப் பதிப்பாளர்கள் தத்தம் விருப்பப்படி கேலிப் படங்கள் போட்டு வெளியிட்டபோது அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆயினும் அவர் வரைந்த படங்களிலும் குறை இல்லாமல் இல்லை. 'சாம்போ' என்பதோ கறுப்பின மக்களை இழித்துச் சுட்ட சொல். கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹ்யூஸ் 1932லேயே இந்நூலைக் கண்டித்தார். வெள்ளைக் குழந்தைக்கு வேடிக்கையாக இருப்பது, ஏற்கெனவே அடிபட்ட குழந்தைக்கு மேலும் ஓர் அடியாகும் என்பது அவருடைய கருத்தின் சாரம்.

எல்லாவற்றிலும் என்னைத் தைத்தது முதற்பதிப்பின் முன்னுரை. கறுப்புக் குழந்தைகள் நிறைந்த, புலிகள் அன்றாடம் காணப்படும் இந்தியாவில் இருந்த ஓர் ஆங்கிலச் சீமாட்டி புனைந்த கதை என்பது அதில் உள்ள செய்தி. இந்தியாவில் நிறைந்திருக்கும் கறுப்புக் குழந்தைகள் யாவர்? புலி, நெய், பித்தளைப் பானை, எல்லாம் நம்முடையவை. அவன் நம் வீட்டுப் பையன். தென்காசி வட்டாரத்துப் பள்ளி ஒன்றில், கறுத்த குழந்தைகள் நாற்பது பேர் உட்கார்ந்து, கறுத்த ஆசிரியன் ஒருவன் வாசிக்க, கறுப்புப் பையனைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். பிறகு சிரிப்பதற்குத் தம்முள் ஒருத்தியைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள்.

இத்தகைய நூல்களை என்ன செய்வது என்பதில் உலகம் ஒருமனப்படவில்லை. ஜப்பானில் 1988இல் இதைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். 2005இல் ஒரு பதிப்பகம் மீண்டும் வெளியிட, நன்றாக விற்றது. அமெரிக்காவில் 1996இல் கதையின் வாசகத்தைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு, பெயர்களை மட்டும் 'பாபாஜி', 'மாமாஜி', 'பாபாஜி'யின் தகப்பன் 'பப்பாஜி' என்று மாற்றி, இந்தியச் சாயலில் புதுப் படங்களோடு ஒரு பதிப்பு வந்தது. பையன் ஒருவழியாக நம் நாட்டுக்குத் திரும்பினான்! டாக்டர் சூஸ் நூல்களில் ஆறினை 2021இல் அவற்றின் உரிமையாளர்களே நிறுத்திவிட்டார்கள். ரோல்டு டால் கதைகளில் 'குண்டு' என்பது போன்ற சொற்களை நீக்கிப் பதிப்பித்த செய்தி 2023இல் பெரும் பூசலைக் கிளப்பியது. பழைய வடிவும் கிடைக்கும் என்று பதிப்பகத்தார் அறிவிக்க வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் அந்த டாலே, 1964இல் தாம் எழுதிய சாக்லேட் தொழிற்சாலைக் கதையில், ஆப்பிரிக்கக் குள்ளர்களாகக் காட்டியிருந்த தொழிலாளர்களை 1973 பதிப்பில் மாற்றி எழுதியவர்தான்.

செத்துப்போன ஆசிரியரின் எழுத்தில் பிறர் கைவைப்பது எனக்கு உடன்பாடு அன்று. இது குற்றாலத்துக்குப் புதிய வழக்கும் அன்று. அங்கே வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி., கம்பன் பாடல்களில் தம் செவிக்கு ஒவ்வாதவற்றை இடைச்செருகல் என்று தள்ளினார். சில சொற்களைத் திருத்தவும் செய்தார். அவருடைய சுவையை வியந்தவர்களே அந்தத் திருத்தத்துக்கு முகம் சுளித்தார்கள். நானும் சுளித்தவன்தான்.

ஆனால் சுளிக்க எனக்கு என்ன தகுதி? ஔவையின் ஆத்திசூடியில், பெண் சொல்லைக் கேளாதே என்று பொருள்படும்படி ஓரடி இருக்கிறது. உரைகாரர்கள் எத்தனையோ சமாதானம் சொல்வார்கள். அதைக் கற்பிக்கும் ஒவ்வோர் ஆண்டும், முன் வரிசையில் பெண்குழந்தைகள் இருப்பதைப் பார்த்து, சத்தமின்றி அந்த அடியைத் தாண்டிப் போயிருக்கிறேன். வெட்டியவன் என்று எவரும் என்னைக் குற்றம் சாட்டவில்லை. கதையிலே பொருந்தாததை வாய்விட்டுச் சிரித்துப் படித்தேன்; நீதி நூலிலே பொருந்தாததை வாய் மூடிக் கடந்தேன். இரண்டு இடத்திலும் குழந்தைகளோடு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பாரதி இவ்விரண்டையும் செய்யவில்லை. ஔவையைத் திருத்தாமல், தாமே ஒரு புதிய ஆத்திசூடி பாடினார். 1918 டிசம்பர் முதல் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இங்கே பக்கத்திலுள்ள கடையத்தில், மனைவி செல்லம்மாளின் ஊரில், அவர் குடியிருந்தார். பழையதும் இருக்கட்டும், அதனருகே புதியதும் இருக்கட்டும் என்று வைத்தாரே, அந்தத் துணிவு ஆசிரியர்களாகிய எங்களுக்கு இருந்ததில்லை.

மறுநாள் மாலை மழை வலுத்தது. பேத்தி புலிக் கதையை மறக்கவில்லை. என் மகள் சிறிது நேரம் யோசித்தாள். பிறகு, "நானே வாசிக்கிறேன், நீங்களும் உட்காருங்கள் அப்பா" என்று அந்தப் புத்தகத்தை எடுத்து வந்தாள். அவள் உறுமவும் இல்லை, ஓடவும் இல்லை. முதற்படத்திலேயே நிறுத்தி, "இந்தப் பையன் நம்மில் யாரைப்போல் இருக்கிறான்?" என்று கேட்டாள். பேத்தி உற்றுப் பார்த்து, "ஒருவரைப்போலவும் இல்லை. வரைந்தவருக்கு முகம் வரையத் தெரியவில்லை" என்றாள். மகள் தான் பட்டதைச் சொன்னாள். முழுவதும் சொல்லவில்லை, எட்டு வயதுக்கு எவ்வளவு பொறுக்குமோ அவ்வளவு. தாத்தாதான் வாசித்தார் என்பதை விட்டுவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். விடவில்லை. பேத்தி என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை, முப்பத்தாறு ஆண்டுகளில் எந்த மேலதிகாரியிடமும் நான் கண்டதில்லை. ஆமாம், தப்புதான் என்று ஒப்புக்கொண்டேன். அதை என் மகளைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். குழந்தையைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

பிறகு கதை தொடர்ந்தது. புலிகள் உருகும் இடத்தில் பேரன் கைகொட்டினான். கடைசிப் பக்கத்தில் பேத்திக்கு ஓர் ஐயம் எழுந்தது: "சுட்டவள் அம்மா. அவளுக்கு மட்டும் ஏன் 27? அப்பாவுக்கு ஏன் 55?" இந்த வினா எனக்கு நாற்பது ஆண்டுகளில் ஒருமுறையும் தோன்றவில்லை. உள்ளே தோசை வார்த்துக்கொண்டிருந்த அவளுடைய ஆச்சி, "நல்லாக் கேளு!" என்று குரல் கொடுத்தாள்.

அன்றிரவே பேத்தி தன் வண்ணப் பென்சில்களை எடுத்து அந்தப் பையனைப் புதிதாக வரைந்தாள். கறுப்புத்தான், மூக்கு மட்டும் தன் தம்பியின் மூக்கு. சட்டை நல்ல சிவப்பு. அந்தத் தாளைப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் வைத்து, அலமாரியில் பழைய இடத்திலேயே வைக்கச் சொன்னாள். வைத்திருக்கிறேன்.

ஞாயிறன்று பொதிகை விரைவு வண்டியில் ஊருக்குத் திரும்பினார்கள். அந்த வண்டி கொடைரோடு வழியாகத்தான் செல்கிறது. கதை எழுதிய அம்மாள் போன பாதை என்று அறிந்ததும், அந்த நிலையம் வந்தால் தன்னை எழுப்ப வேண்டும் என்று பேத்தி தாயிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். வண்டி அங்கே சேரும்போது இரவு வெகு நேரம் ஆகியிருந்ததாம். எழுப்பவில்லை, நன்றாகத் தூங்கினாள் என்று காலையில் தொலைபேசியில் மகள் சொன்னாள்.